ஒரே சாமி கும்பிடும் இரண்டு வீடு

கதையில் இன்னாரும் இன்னாரும் சேர வேண்டும் என்று நான் ஒருமுறை முடிவு பண்ணிவிட்டால், அதை எழுதினவரே வந்து கெஞ்சினாலும் விட்டுத்தர மாட்டேன். என் சுபாவம் அப்படி. மன்னார்குடியில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் எனக்கு வேலை. நாள் முழுக்க ஊசியும் குழாயும்தான். மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்தால் இடது கையில் போன் இருக்கும். அதில் ஒரு மாயாஜாலக் கதை படித்துக்கொண்டிருப்பேன். கடல் கடந்த தேசத்து அம்மாள் ஒருத்தி எழுதிய மூன்று தடிப் புத்தகங்கள். நெருப்பைக் கூப்பிட்டால் வருகிற ஓர் இளவரசி. அவள் காயத்துக்கு மருந்து கட்டுகிற வைத்தியன். அவளைக் கட்டிக்கொள்ளத் துடிக்கிற மலைநாட்டு ராஜா, அவளுடைய அத்தை மகன்.

நான் வைத்தியன் கட்சி. போனில் எங்களுக்கு ஒரு குழு உண்டு. மலைநாட்டான் கட்சிக்காரிகளோடு அதில் நான் போட்டிருக்கிற சண்டையை என் மாமியாரோடுகூடப் போட்டதில்லை. அவனுக்கு என்ன இருக்கிறது, தோளும் தாடியும்தானே? அவள் காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார்?

அதைத் தொடராக எடுத்துத் தமிழிலும் விட்டார்கள். நன்னிலம் பக்கம் கிராமத்தில் இருக்கிற அம்மா வீட்டுக்கு ஞாயிறுதோறும் போய்விடுவேன். தங்கை தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள், அவளும் வருவாள். சாப்பிட்டு முடித்து மூன்று பேரும் டிவி முன்னால் உட்காருவோம். அப்பா கொஞ்ச நேரம் பார்ப்பார். மும்முனை கரண்ட் வந்துவிட்டால் மோட்டார் போடக் கொல்லைக்குக் கிளம்பிவிடுவார்.

அம்மாவுக்கு மந்திரம், டிராகன் எதுவும் பொருட்டில்லை. யாராவது புதிதாகத் திரையில் வந்தால் ஒரே கேள்விதான்.

"இவன் அவளுக்கு என்ன முறை?"

"அம்மா, அது வேற உலகம்மா."

"எந்த உலகமா இருந்தா என்னடி? பொறந்தவங்களுக்கு முறைன்னு ஒண்ணு இருக்கும்ல?"

மலைநாட்டான் அத்தை மகன் என்று தெரிந்ததும் அம்மா கட்சி சேர்ந்துவிட்டாள். "முறைப்பையன். அப்புறம் என்ன யோசனை இவளுக்கு?"

எனக்கு வேடிக்கையாக இருந்தது. தங்கை சிரிக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

அவள் ஒருவனை விரும்பினாள். ஒரே ஆபீஸ், எங்கள் ஜனம்தான். நல்ல வேலை, வாய் நிறைய 'அக்கா' என்று கூப்பிடுகிற பையன். அவன் தாத்தா காலத்திலேயே திருச்சிப் பக்கம் போய்விட்ட குடும்பம். அவன் அப்பா அம்மா பேசுவதற்கு வந்தபோது அம்மா கேசரி கிண்டி, பஜ்ஜி போட்டு, முகம் கொள்ளாத சிரிப்போடு காபி கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"உங்களுக்குக் குலதெய்வம் எங்கங்க?"

"இந்தப் பக்கந்தாங்க," என்று அவன் அப்பா சந்தோஷமாகச் சொன்னார். "ஆத்தங்கரை ஐயனாரு. பசங்களுக்கு அங்கதான் முடி எறக்குனோம்."

எங்களுக்கும் அங்கேதான் முடி இறக்கினார்கள். எங்கள் குலசாமியும் அந்த ஐயனார்தான். ஒரே சாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள், பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அண்ணன் தங்கை. ரத்தம் எந்தத் தலைமுறையில் ஒன்றாக இருந்தது என்று யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். அவன் அம்மா கையில் எடுத்த டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டார். அவர்கள் போன பிறகு அம்மா அழுதாள். "எல்லாம் பொருந்தி வந்துச்சேடி, எல்லாம் பொருந்தி வந்துச்சே," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆனால் மனசு மாறவில்லை. அப்பாவைக் கேட்டால், "உங்கம்மா சொல்றதுதான்," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

இது நடந்த சில வாரத்தில் தொடரில் அந்த இடம் வந்தது. இளவரசி வைத்தியனைக் காட்டுக்குள் ஒரு கறுப்புக் கல்லுக்குக் கூட்டிப்போகிறாள். அவள் வம்சம் கும்பிடுகிற கல். அவன் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டிலும் இதைத்தான் கும்பிடுவோம் என்கிறான். இருவரும் கண் கலங்கிக் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். எழுதினவளுக்கு அதுதான் பொருத்தத்துக்கே அடையாளம். ஒரே தெய்வம், அதனால் ஒரே மனசு என்று நினைத்து எழுதியிருக்கிறாள், புண்ணியவதி.

அம்மா பதறிப்போய் எழுந்துவிட்டாள். "அய்யய்யோ! ரெண்டு வீட்டுக்கும் ஒரே சாமியா? அப்ப பங்காளிங்கடி! கையை எடுக்கச் சொல்லு அவன!"

தங்கை விருட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போனாள். பின்னாலேயே போனேன். குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றிருந்தாள்.

"அழாதடி. புஸ்தகத்துல அந்தக் கல்லுக்கு முன்னாடியே ரெண்டு பேருக்கும் கல்யாணம் நடக்குது. கடைசி வரைக்கும் அம்மா பாக்கட்டும். பாத்துப் பாத்து மனசு எளகிடும்."

"நெஜமாவாக்கா?"

"புஸ்தகத்தை மூணு தடவ படிச்சிருக்கேன்டி."

அதற்கப்புறம் ஒரு ஞாயிறுகூட அவள் தவறவிடவில்லை. டிவியைப் பார்ப்பதைவிட அம்மாவின் முகத்தைத்தான் அதிகம் பார்த்தாள். நானும்தான். வைத்தியனைச் சிறையில் போட்டபோது அம்மா, "பாவம், சோறு தண்ணி குடுத்தாங்களோ என்னமோ," என்றாள். அவன் நடந்தே பனிமலையைத் தாண்டி வந்தபோது, "நல்ல பையன்டி. இப்படி ஒருத்தன் கெடைக்கறது கஷ்டம்," என்றாள். தங்கை என் கையைக் கிள்ளினாள். நடுவில் மாமா ஒரு வரன் கொண்டுவந்தார். சனிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று முடிவாயிற்று. கடைசிப் பகுதி அதற்கு முந்தின ஞாயிறு. அது போதும் என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம்.

நாசமாய்ப் போனவர்கள் முடிவை மாற்றிவிட்டார்கள். இளவரசி மலைநாட்டானுக்கு மாலை போட்டாள், அதுவும் அந்தக் கறுப்புக் கல்லுக்கு முன்னாலேயே. வைத்தியன் ஒரு படகில் ஏறித் தனியாகப் போனான். போகிறவன் ஒருதரம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் ரிமோட்டை விட்டெறிந்தேன். போனில் மலைநாட்டான் கட்சிக்காரிகள் பட்டாசுப் படமாகப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். யாரைப் பிடித்துக் கேட்பது? எந்த வாசலில் போய் நின்று கத்துவது? என் தங்கையின் வாழ்க்கையையே இதில் வைத்திருக்கிறோம் என்று சொன்னால் எவளாவது நம்புவாளா?

அம்மா ஜெயித்த முகத்தோடு திரும்புவாள் என்று நினைத்தேன். அவளோ முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தங்கை எழுந்து உள்ளே போனாள்.

"ஏன்டி, புஸ்தகத்துலயும் இப்படித்தானா?"

"இல்லம்மா. அதுல அவனத்தான் கட்டிக்கறா."

"நல்லா இருந்தாங்களா?"

"ரொம்ப நல்லா இருந்தாங்கம்மா. கொழந்தை குட்டியெல்லாம் பொறந்து."

"அப்புறம் ஏன் மாத்துனாங்க?"

கோபம் இன்னும் அடங்கவில்லை எனக்கு. "பாக்கறவங்க நாலு பேரு, மலைநாட்டான்தான் வேணும்னு கத்துனாங்க. எடுத்தவங்க அவங்க வாய்க்குப் பயந்துட்டாங்க. எது நல்லதுன்னு அவங்களுக்குத் தெரியாமயா? தெரியும். பயம்."

டிவியில் யார் யார் பெயரோ ஓடிக்கொண்டிருந்தது. அம்மா முந்தானையை மடியில் வைத்து நீவி நீவிவிட்டாள்.

"நானும் அதுக்குத்தாண்டி பயப்படறேன்," என்றாள்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் ஏதாவது பேசியிருக்க வேண்டும். குழுவில் அத்தனை பேரோடு மல்லுக்கட்டின எனக்கு, எதிரே உட்கார்ந்து அழுகிற அம்மாவிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

உள்ளே பீரோ திறக்கிற சத்தம் கேட்டது.

"அம்மா," என்றாள் தங்கை. குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. "சனிக்கிழமைக்கு எந்தப் பொடவை எடுத்து வைக்க?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். தங்கை மறுபடியும் கேட்டாள்.