நாக்கு நுனியில் கசப்பு

“காரம் தின்னு தின்னு செத்துப்போன நாக்கும்மா உன்னுது. இதுக்கு இன்னா ருசி தெரியப் போவுது?”

எங்கள் மசாலா கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி, என் டிபன் பாக்ஸிலிருந்த கருவாட்டுக் குழம்பைப் பார்த்துச் சொன்னது. ருசி பார்க்கும் குழுவில் ஓர் இடம் காலியாகி, நான் பெயர் கொடுத்திருந்த நேரம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்ததே உணவுத் தொழில்நுட்பம்தான். காரம் சுவையே இல்லை, எரிச்சலை உணரும் நரம்பின் வேலை. சுவை செல்களோ ஓயாமல் உதிர்ந்து புதிதாக முளைப்பவை. சாவதற்கு அங்கே என்ன இருக்கிறது? சொல்லியிருப்பேன். வாயில் சோறு இருந்தது.

மறுநாள் தேர்வு. அவர் அறைச் சுவரில் ஒரு பழைய நாக்குப் படம். நுனி இனிப்புக்கு, ஓரம் புளிப்புக்கு, அடிநாக்கு கசப்புக்கு என்று வரப்பு கட்டிப் பிரித்திருந்தார்கள். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுக் குச்சியால் என் நாக்கு நுனியில் ஒரு கரைசலைத் தடவினார்.

“கசப்பு சார்.”

“நுனியில கசப்பு தெரியாது. பாட்டில் மேல எழுதினத பாத்துட்டு சொல்ற.”

“கண்ண மூடிக்கினு எப்படி சார் படிப்பேன்?”

“எதுத்துப் பேசாத. படத்தப் பாரு.”

தவறு என்று குறித்துக்கொண்டார். குழுவில் இடமில்லை என்றும் அப்போதே சொல்லிவிட்டார். பாட்டிலில் இருந்தது கசப்புக் கரைசல்தான்.

கசப்பைப் பிடிக்கும் ஏற்பிகள் நுனி, ஓரம், அடி என்று நாக்கில் சுவை அரும்பு இருக்கும் இடமெல்லாம் உண்டு. அந்தப் படம் பொய்யென்று எப்போதோ தெரிந்துவிட்டது. என் நாக்கு சரியாகச் சொன்னதை ஒரு காகிதத்தை நம்பிப் பொய்யாக்குகிறார். அதுவும் திருட்டுத்தனமாகப் பார்த்தேன் என்று பட்டம் கட்டி.

வீடு திரும்பும் ரயிலில், நெமிலிச்சேரியில் இறங்கும் பேக்கிங் பிரிவு அக்காவிடம் கொட்டித் தீர்த்தேன்.

“விடுடி. அந்தக் குழுல சேந்தா உனக்கு கொம்பா மொளைக்கப் போவுது?”

“தெரிஞ்சத தெரியலன்னு எழுதிட்டாருக்கா.”

“அந்தாளு படத்த நக்கி ருசி பாக்கறவரு போல கீது.”

அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்று காலை நேராக ஆலை மேலாளர் அறைக்குப் போனேன். மறுதேர்வு வேண்டும் என்றேன். காரணம் கேட்டார். கையோடு கலக்கிக் கொண்டுபோன கசப்புக் கரைசலை அவர் மேசையில் வைத்து, புதுப் பஞ்சுக் குச்சியை நீட்டினேன்.

“உங்க நாக்கு நுனியில வச்சுப் பாருங்க சார்.”