தடை போட்ட நாளில் நாடகம்

எங்கள் மண்டபத்தில் நிகழ்ச்சிகளுக்குப் பஞ்சாங்கம் பார்த்துத் தேதி வைப்பதில்லை. அருவியைப் பார்த்துத்தான் வைப்போம். சீசன் வந்தால் குற்றாலத்தில் கால் வைக்க இடமிருக்காது. ஆனால் அத்தனை பேரும் தண்ணீருக்குக் கீழே நிற்பார்கள், என் நாற்காலிகள் காலியாக இருக்கும். ஒருமுறை வீணைக் கச்சேரிக்கு ஒன்பது பேர் வந்தார்கள். அதில் நான்கு பேர், அருவியில் கூட்டம் குறையட்டும் என்று தலையில் எண்ணெயோடு உட்கார்ந்திருந்தவர்கள். வீணைக்காரரிடம் அவர்கள் ரசிகர்கள் என்று சொல்லிவைத்தேன்.

நான் அந்த மண்டபத்தின் செயலாளர். சம்பளம் இல்லாத வேலை, ஆகையால் கோபப்பட உரிமை உண்டு. ஞாயிறு மதியம் ஊர்க்காரர்களுக்கு இலவசமாக நாடக வகுப்பும் நடத்தினேன். எட்டுப் பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஊர்க்காவல் படைக்காரர், நாற்பத்தைந்து வயது, இலஞ்சியிலிருந்து சைக்கிளில் வருவார். அருவிக்கரையில் விசில் ஊதி, "போதும், வெளிய வாங்க" என்று கூட்டத்தை விரட்டுவது அவர் வேலை. எதற்கு நடிக்க வந்தீர்கள் என்று முதல் நாளே கேட்டேன்.

"பத்து வருசமா கத்துதேன் சார். ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டுக்கான். ஒரு தடவையாது நான் பேசுதத நாலு பேரு உக்காந்து கேக்கணும்லா" என்றார்.

எல்லோரும் சேர்ந்து ஒரு கல்யாண வீட்டு நாடகம் கட்டினோம். முதல் பந்தியில் இடம் கிடைக்கவில்லை என்று சம்பந்தி வீட்டார் கோபித்துக்கொண்டு கிளம்புவார்கள். பெண்ணின் தகப்பன் வாசலை மறித்து, "இருங்க, போயிராதீங்க" என்று மன்றாட வேண்டும். அந்தத் தகப்பன் அவர்தான். முதல் ஒத்திகையில் அவர் போட்ட சத்தத்தில் சம்பந்திகள் நிஜமாகவே ஓடினார்கள். அந்தக் குரலை இறக்க மூன்று மாதம் ஆயிற்று. இறங்கியபோது, நானே சொல்லக் கூடாது, சம்பந்திகள் கிளம்ப மறந்து நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்து மண்டபத் தலைவர் குறுக்கே வந்தார். சிப்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. சீசனில் மண்டபத்தைப் போர்வை விற்பனைக்கு விட வேண்டும் என்பது அவர் கட்சி.

"ஏம் வே, எட்டுப் பேருக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய மண்டபம்? ஒம்ம நாடகத்துக்குப் பாதி மண்டபமாது நெறையட்டும். இல்லைன்னா கிளாஸ மூடிருவோம்."

எனக்கு ரோஷம் வந்தது, கூடவே ஒரு யோசனையும் வந்தது. அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால், வந்த கூட்டம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் அலையும். போக்கிடம் கிடையாது. நோட்டீஸ் அடித்தேன்: "குளிக்கத் தடை விதிக்கப்படும் முதல் நாள், மாலை ஐந்து மணி. அனுமதி இலவசம்." தேதி இல்லாத நோட்டீஸைப் பார்த்து அச்சகத்துக்காரர் சிரிக்கவில்லை; அவரும் இந்த ஊர்க்காரர்தான். வகுப்பில் வாசித்துக் காட்டியபோது எல்லோரும் கை தட்டினார்கள். ஊர்க்காவல்காரரும் தட்டினார், கொஞ்சம் தாமதமாக. கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

ஆனி மாதம் மலையில் கொட்டிய மழைக்கு ஒரு நாள் காலையிலேயே தடை போட்டார்கள். அன்று குற்றாலத்தில் அதற்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். நாலரைக்கே மண்டபம் நிறைந்து, சிலர் சுவரோரம் நின்றார்கள். மின்விசிறிக்குக் கீழே ஈரத் துண்டுகளைக் காயப்போட்டிருந்தார்கள். யார் சொல்லி வந்தீர்கள் என்று ஒருவரிடம் கேட்டேன்.

"அருவிக்கரையில ஒரு போலீஸ்காரர் மைக்ல சொல்லிக்கிட்டே இருக்கார் சார். இங்க நிக்காதீங்க, மண்டபத்துல போய் நாடகம் பாருங்கன்னு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தடை நாளில் எங்கள் ஊர்க்காவல்காரர் அருவிக்கரையை விட்டு அசைய முடியாது. அட மடையா என்று என்னையே திட்டிக்கொண்டு அவருக்குப் போன் போட்டேன்.

"லீவு கெடைக்காதுன்னு ஒமக்கு முன்னாடியே தெரியும்லா? ஏன்யா சொல்லல?"

"சொன்னா நாள மாத்திருவீய சார். மண்டபம் நெறையாது, கிளாஸ மூடிருவாக. கூட்டம் வந்துச்சா?"

பின்னால் அருவி இரைந்துகொண்டிருந்தது. வந்துச்சு என்றேன். "அப்ப சரி" என்று விசில் ஊதப் போய்விட்டார்.

தகப்பன் வேஷத்தை நான் போட்டேன், கையில் தாளோடு. நான் "இருங்க" என்று சொன்ன லட்சணத்துக்குச் சம்பந்திகள் போனதே மரியாதை. இருந்தாலும் கூட்டம் கை தட்டியது. வெளியே மழை விடவில்லை, வேறு என்ன செய்வார்கள். அண்ணாச்சி மேடையேறி வகுப்பு தொடரும் என்று அறிவித்தார். வாசலில் அவர் சிப்ஸ் எல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தது. அந்தக் கைதட்டல் எனக்குக் கசந்தது.

பங்குனியில் மறுபடி போட்டோம். அருவியில் பாறை மட்டும் இருந்தது. விரட்டுவதற்கு ஆள் இல்லாததால் ஊர்க்காவல்காரருக்கும் டியூட்டி இல்லை. இந்தத் தடவை நோட்டீஸில் தேதி போட்டேன். பதினோரு பேர் வந்தார்கள், அவர் மனைவியையும் சேர்த்து. எல்லோரும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர் வேட்டி கட்டி, வாசலை மறித்து நின்று, மெதுவாகத்தான் சொன்னார், "இருங்க, போயிராதீங்க" என்று. மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

திரை இழுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தியளா சார்? ஒருத்தரும் எந்திரிக்கல."