தலை வாராத வேலி

அப்பா மறுபடியும் ரோட்டைப் பெருக்கிக்கொண்டிருக்கிறார். அது அரசாங்கத்து ரோடு. ஆனால் எங்கள் உயிர்வேலியிலிருந்து விழும் இலையும் சிவப்புப் பழமும் தம் பொறுப்பு என்பது அவர் கணக்கு. காலைத் தேநீருக்கு முன்பே ரோட்டோரம் நூல் பிடித்தாற்போல் இருக்கும். வேலிதான் பரட்டை.

என் அப்பா எட்வின் ப்ரீஸுக்கு ஒழுங்கு ஒரு நோய். வைக்கோல் கட்டிய கயிறுகளை நீளவாரியாகச் சுருட்டி ஆணியில் மாட்டுவார். எருக்குவியலுக்குக்கூட மூலை மட்டம் உண்டு. அடுத்தவர் வயலில் அகழெலி தள்ளிய மண்மேட்டையும் போகிற போக்கில் பூட்ஸால் மிதித்துச் சமன் செய்வார். இங்கிலாந்தில் எங்கள் ஷ்ரொப்ஷயர் பக்கத்தில் ஒருவனுடைய மதிப்பு அவன் வேலியில் தெரியும். குளிர்காலத்தில் எல்லோரும் வேலியைச் சதுரமாக மழித்துவிடுவார்கள். சிறந்த வேலிக்கு விவசாயிகள் சங்கம் ஆண்டுதோறும் தரும் வேலிக் கோப்பை எங்கள் வீட்டைவிட்டுப் போய் நான் பார்த்ததில்லை.

போன கோடையில் அம்மா அரசுத் திட்டமொன்றில் சேர்ந்தாள். பறவைகளுக்குப் பழம் வேண்டும். குளிர்காலம் முடியும்வரை வேலியை வெட்டக் கூடாது என்பது நிபந்தனை. அடுக்களை ஜன்னலுக்கு நேர் எதிரே அந்த வேலி.

"ஒரு வருஷம் விட்டுத்தான் பாருங்களேன்" என்றாள் அம்மா.

"ஊரே சிரிக்கும், கிளெனிஸ்" என்றார் அப்பா. ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

அக்டோபரில் அம்மா இறந்தாள். நவம்பரில் பறவைகள் வந்தன. வடகடல் தாண்டி வரும் சாம்பல் தலைப் பூங்குருவிகள்.

நான் வடிகால் பொறியாளர். அடர்ந்த வேலி மழைநீரை எப்படித் தடுத்து நிறுத்தும் என்று அப்பாவுக்கு வரைந்து காட்டினேன். "சரிம்மா. பாக்க நல்லாருக்கா? அதச் சொல்லு" என்றார். இப்போதெல்லாம் அவர் நின்றுகொண்டே சாப்பிடுகிறார், ஜன்னலோரமாக.

வேலிக் கோப்பைக்கான நடுவர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால், பக்கத்துப் பண்ணை ட்ரெவர் கிட்டின்ஸ் வண்டியை நிறுத்தினார்.

"என்ன எட்வின், கத்தரி துருப்பிடிச்சுப் போச்சா? வேலி தூங்கி எந்திரிச்சு தல வாராம வந்த மாதிரி நிக்குது!"

"பொறாமப்படாதப்பா. உன் தலையில இல்லாதது என் வேலியில இருக்கு."

ட்ரெவர் தொப்பியை இறக்கி வழுக்கையை மறைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு குரலைத் தணித்தார். "சனிக்கிழம வர்றாங்கய்யா. ஒரு மணி நேர வேலை, மழிச்சு விட்ரு. கிளெனிஸுக்குத் தெரியவா போவுது?"

அப்பா துடைப்பத்தைக் குனிந்து பார்த்தார். "வண்டிய எடு. டயருக்குக் கீழ பெருக்கணும்."

வெள்ளிக்கிழமை வேலி வெட்டும் இயந்திரத்தை டிராக்டரில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"வெட்டப் போறீங்களாப்பா?"

"கிரீஸ் போடுறேன். கிரீஸ் போடக் கூடாதுன்னும் உங்கம்மா திட்டத்துல இருக்கா?"

சனிக்கிழமை காலை உறைபனி. டிராக்டர் உறுமும் சத்தம் அடுக்களைவரை கேட்டது. கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். வாசல் கேட்டை அடைவதற்குள் சத்தம் நின்றுவிட்டது.

டிராக்டர் கேட்டருகே நின்றது. இருக்கையில் ஆள் இல்லை. அப்பா துடைப்பமும் கையுமாக நடுரோட்டில் அசையாமல் நின்றிருந்தார். அவருக்கு எதிரே வேலி முழுக்கப் பூங்குருவிகள். பழத்தைக் கொத்துவதும் ஒன்றையொன்று விரட்டுவதுமாக ஒரே சண்டை. பழங்கள் அவர் பெருக்கிய இடத்திலேயே உதிர்ந்துகொண்டிருந்தன.

அவருக்குப் பின்னால், வளைவில் நடுவர்களின் கார் திரும்பியது.

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையை மட்டும் பின்னால் நீட்டி உள்ளங்கையை விரித்தார். கார் நின்றது. என்ஜின் அணைந்த பிறகும் அவர் கையை இறக்கவில்லை.