லென்ஸ்காரரின் வினிகர் கிண்ணம்

தெருவில் அவருக்கு லென்ஸ்காரர் என்று பெயர். முப்பது வருடம் அலுவலகத்தில் கோப்புகளுக்குத் தூசி தட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுவாரமே பவள நகைகளைப் பற்றிப் பழைய புத்தகம் ஒன்று வாங்கினார். பாதி படித்தார். மீதிப் பாதி தனக்குத் தெரிந்ததாகத்தான் இருக்கும் என்று மூடி வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பழைய பொருள் சந்தையில் கடைக்காரர்களுக்கு நிம்மதி போயிற்று. சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்து மணியின் துளைக்குள் பார்ப்பார். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால், "மேல சாயம் பூசியிருக்கு" என்பார். பஞ்சில் நகப்பூச்சு நீக்கியைத் தொட்டுத் தேய்ப்பார். பஞ்சு சிவந்துவிட்டால் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. வாங்கியது மட்டும் ஒன்றுகூட இல்லை. ஓசியில் தீர்ப்பு சொல்லும் சுகம் வாங்குவதில் ஏது?

வீட்டிலும் ஒரு வழக்கு நிலுவையில் இருந்தது. மனைவிக்கு அவள் அம்மா போட்டு அனுப்பிய பவள மாலை. கல்யாணமான நாளிலிருந்தே அதைப் பிளாஸ்டிக் என்றுதான் சொல்லிவந்தார். அப்போது லென்ஸும் கிடையாது, புத்தகமும் கிடையாது. மாமியார் கொடுத்தது என்ற ஒரே ஆதாரம் போதுமாயிருந்தது. விருந்தாளிகள் முன்னாலும் சொல்லிச் சிரிப்பார். மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு காபி கொண்டுவந்து வைப்பாள். கொஞ்ச காலத்தில் மாலையைப் போடுவதையே விட்டுவிட்டாள்.

மகள் வேலை கிடைத்து வெளியூர் கிளம்பும் வாரம், மனைவி அதைப் பீரோவிலிருந்து எடுத்தாள்.

"இதை அவளுக்குக் கொடுக்கப் போறேன். எங்கம்மா ஞாபகமா."

"நாலு பேர் பார்த்துச் சிரிக்கவா? இரு, சோதிச்சுட்டுக் கொடுக்கலாம்."

"சோதிங்க. ஆனா அசல்னு தெரிஞ்சா, எங்கம்மாவைப் பத்திப் பேசினதுக்கெல்லாம் அவ முன்னாடியே மன்னிப்புக் கேட்கணும். சரியா?"

"தாராளமா" என்றார் லென்ஸ்காரர். தோற்பது என்ற யோசனையே அவருக்கு வரவில்லை.

படித்த பாதியில் வினிகர் சோதனை இருந்தது. பவளமாக இருந்தால் நுரைக்கும், பிளாஸ்டிக்கோ கண்ணாடியோ சும்மா கிடக்கும். ஒரு மணியில் ஒரு சொட்டு விட்டாலே தெரிந்துவிடும். ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தீர்ப்பு வரவேண்டும் அல்லவா? மாலையை முழுசாகக் கிண்ணத்தில் போட்டு, மூழ்கும்வரை வினிகரை ஊற்றினார். பிளாஸ்டிக்தானே, என்ன ஆகிவிடப் போகிறது! நின்று பார்க்கக்கூட அவருக்குப் பொறுமையில்லை. லென்ஸை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் திரும்பியபோது மனைவியும் மகளும் சமையலறையில் கிண்ணத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். ஓரமெல்லாம் நுரை கட்டியிருந்தது. மனைவி மாலையை வெளியே எடுத்தாள். பளபளப்பு ஒரு மணியில்கூட மிச்சமில்லை. வெளுத்து, சொரசொரத்து, அரித்துப் போயிருந்தது.

அப்படியும் அவர் விடவில்லை. மறுநாள் நகைக்கடை மதிப்பீட்டாளரிடம் இருவரையும் அழைத்துக்கொண்டு போனார். அந்த மனிதர் ஒரே ஒரு மணியைத் திருப்பிப் பார்த்தார்.

"அசல் பவளம்தான் சார். நல்லா இருந்தப்போ நல்ல விலை போயிருக்கும். இப்ப நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்லை. யாரு சார் இதை வினிகர்ல ஊறப் போட்டது?"

லென்ஸ்காரர் பைக்குள் கையை விட்டு லென்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து முதன்முறையாகப் புத்தகத்தின் மீதிப் பாதியைத் திறந்தார். முதல் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில், நல்ல பவளத்தை அமிலத்தில் ஊறவைக்கக் கூடாது என்று போட்டிருந்தது.

அம்மாவோடு சேர்ந்து பெட்டி கட்டிக்கொண்டிருந்த மகள் முன்னால் போய் நின்றார்.

"உங்க பாட்டி அசலைத்தாம்மா கொடுத்திருக்காங்க. நான்தான்... மன்னிச்சுடுங்க."

மனைவி அந்த வெளுத்த மாலையை மகள் கழுத்தில் போட்டுக் கொக்கியை மாட்டினாள்.

"போட்டுக்கோடி. யாராவது இது அசலான்னு கேட்டா, எங்கப்பா சோதிச்சுப் பார்த்துட்டார்னு சொல்லு."