லூர்து டீச்சர் நம்பாத வெளிச்சம்

லூர்து மேரி டீச்சர் காலமாகிவிட்டார் என்று கடலூர் முதுநகரிலிருந்து போன் வந்தபோது நான் சிதம்பரம் கடைத்தெருவில் வாழைப்பழம் வாங்கிக்கொண்டிருந்தேன். சொன்னவர் எங்கள் பள்ளியில் கிளார்க்காக இருந்த பீட்டர். பீட்டர் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லி வைத்தவரே டீச்சர்தான். போன வருஷக் கடைசியில் ‘தானே’ புயல் அடித்து ஓய்ந்ததும், சுவர் விழுந்து டீச்சர் போய்விட்டார் என்று இதே பீட்டர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பிறகு டீச்சர் அவரைத் தெருவில் பிடித்து, "என் அடக்கத்துக்குக் கூட்டம் ஜாஸ்தியா பீட்டரு?" என்று விசாரித்திருக்கிறார். அதனால் நான் பதறாமல் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கேட்டேன். இந்தத் தடவை பீட்டர் சொன்னதில் கழிக்க ஒன்றுமில்லை. காலைப் பூசைக்குப் போய்வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், அப்படியே போய்விட்டார். கடலூர் பஸ் ஏறிய பிறகுதான் பழத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது.

முதுநகரில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது பேனர். டீச்சரின் படத்தைப் போட்டு, தலையைச் சுற்றி மஞ்சள் கதிர்களை அடித்து, ‘ஒளியாய் வாழ்ந்தவர்’ என்று எழுதியிருந்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. நம் டீச்சரை அறிந்த நீங்கள் சொல்லுங்கள், அவர் உயிரோடு இருந்து இதைப் பார்த்திருந்தால் விட்டிருப்பாரா? இறந்தவரால் மறுத்துப் பேச முடியாது என்ற தைரியத்தில்தான் நாம் இப்படியெல்லாம் அச்சடிக்கிறோம். அவருக்காக நானாவது கொஞ்சம் மறுத்துப் பேசலாம் என்றுதான் நம் கோயில் இதழுக்கு இதை எழுதுகிறேன்.

அவர் அறிவியல் டீச்சர், நான் வரலாறு. ஒரே ஸ்டாஃப் ரூமில் பக்கத்துப் பக்கத்து மேசை. நான் ஓய்வு பெற்றுச் சிதம்பரத்துக்குக் குடிபோகும்வரை இருவருக்கும் ஒரே கத்தோலிக்கப் பங்குக் கோயில்தான். அங்கே நான் கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் பங்குப் பேரவையின் செயலாளர். அவர் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தரும் ஞானோபதேச வகுப்பு எடுப்பார். சந்தேகம் அவருக்கு ரத்தத்தில் ஊறியது. பால்காரரைச் சந்தேகிப்பார், பஞ்சாங்கத்தைச் சந்தேகிப்பார், பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் புரிந்தது என்று சொன்னால் அதைத்தான் முதலில் சந்தேகிப்பார். நான் ஒரு தடவை அவருடைய புடவை நன்றாக இருக்கிறது என்று சொன்னதற்கு, "இன்னா சார் வேணும், சொல்லுங்க" என்று கேட்டவர் அவர்.

இயேசு தம்மை உலகத்தின் ஒளி என்று சொன்னார் என்பது ஞானோபதேசத்தில் சின்னப் பிள்ளைகளே படிப்பது. ஒரு ஞாயிறு அதைப் படமாக வரைந்து வரச் சொல்லியிருந்தார். எல்லாப் பிள்ளைகளும் தாடி வைத்த ஒரு முகத்தையும் அதைச் சுற்றித் தங்கக் கதிர்களையும் வரைந்து, ஜிகினாவும் ஒட்டிக் கொண்டுவந்தார்கள். டீச்சர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார்.

"தலையச் சுத்தி இவ்ளோ வெளிச்சம் போட்டிருக்கீங்க. இந்த வெளிச்சத்துல யாராவது தெரியறாங்களா? ஒருத்தரையும் காணோமே."

அடுத்த வாரம் பிள்ளைகள் அம்மாவை, மீன்காரப் பாட்டியை, தெருநாயை எல்லாம் பக்கத்தில் சேர்த்து வரைந்து வந்தார்கள். பெற்றோர்கள் என்னிடம் புகார் சொன்னார்கள். சேசுவுக்குப் பக்கத்தில் நாயா என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். டீச்சருக்கு உண்மையில் விசுவாசம் இருக்கிறதா என்று முதுநகரில் பேச்சுக் கிளம்பியது அப்போதுதான். நான் அதை முழுக்க மறுக்கவும் இல்லை. திருப்பலியில் எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது இவர் மட்டும் கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்துக்கொண்டிருப்பார். அது எனக்குப் பிடித்ததே இல்லை.

இந்தச் சமயத்தில்தான் விக்டோரியாவின் வீட்டுப் படத்தில் வெளிச்சம் வந்தது. சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. எல்லாரும் ஏதாவது ஓர் அடையாளம் கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்த காலம். விக்டோரியா கணவனை இழந்தவர், உப்பனாற்றுக்குப் பக்கத்தில் சின்ன வீடு. அவருடைய மகள் பிலோமினா எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு. அந்தப் பெண்ணுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் பார்வை போய்விடும் என்று புதுச்சேரியில் ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் விக்டோரியாவின் கணவர் ஓர் ஆபரேஷனுக்குப் போய்த்தான் திரும்பி வராமல் போனார். பிள்ளையையும் அந்த மேசையில் படுக்க வைக்க அவருக்கு மனசு வரவில்லை. அப்படி அவர் அழுதுகொண்டிருந்த ஒரு மாலையில், சுவரில் மாட்டியிருந்த சேசுவின் திருஇருதயப் படம் நெஞ்சிலிருந்து முகம்வரை விளக்குப் போட்ட மாதிரி தகதகவென்று எரிந்ததாம்.

மறுநாளும் எரிந்தது. பிறகு வெள்ளிக்கிழமை தோறும் கூட்டம். மரியாயின் சேனை என்ற ஜெபக் குழு, பாடல் குழு, பக்கத்துத் தெருப் பெந்தெகொஸ்தேக்காரர்கள், பொட்டு வைத்த பெண்கள், எல்லாரும் வந்தார்கள். ஜெபம் முடிந்ததும் பிலோமினாவை நடுவில் நிறுத்திச் சாட்சி சொல்லச் சொல்வார்கள். எனக்கு வெளிச்சம் தெரியுது என்று அந்தப் பெண் சொல்லும். கூட்டம் அல்லேலூயா சொல்லி அழும். நானும் போய் நின்றிருக்கிறேன், எனக்கும் கண் கலங்கியிருக்கிறது. ஆபரேஷன் பேச்சு அதோடு நின்றுபோனது. வெளிச்சம் வந்துவிட்ட பிறகு டாக்டர் எதற்கு என்று விக்டோரியா கேட்டார்.

லூர்து டீச்சரும் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். படம் எரிந்தபோது எல்லாரும் முழங்காலில் நிற்க, இவர் மட்டும் திரும்பி, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தால் இவருடைய வகுப்புக்கு மதிப்புக் குறைந்துவிட்டது, அதனால் பொறாமை என்று பேசிக்கொண்டார்கள். இருக்கலாம் என்றுதான் எனக்கும் பட்டது. வாய் ஓயாத ஒருவர் பேசாமல் போனால் எனக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

அடுத்து வந்தது பாஸ்கா திருவிழிப்பு. நம் சபையில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஈஸ்டருக்கு முந்தின இரவு கோயிலில் எல்லா விளக்கையும் அணைத்துவிடுவோம். வாசலில் புதுத் தீ மூட்டி, அதிலிருந்து பெரிய பாஸ்கா மெழுகுதிரியை ஏற்றி, இதுதான் கிறிஸ்துவின் ஒளி என்று சாமியார் பாடிக்கொண்டே இருட்டுக்குள் நடப்பார். நாம் பின்னால் போவோம். அந்த ஒரு தீயிலிருந்து பக்கத்தில் இருப்பவர், அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் என்று ஆளாளுக்குத் திரியைப் பற்ற வைத்துக்கொள்வோம். கொஞ்ச நேரத்தில் கோயில் முழுக்க முகங்கள் தெரிய ஆரம்பிக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது அலுத்ததில்லை.

அன்றைக்கும் இருட்டில் எல்லாரும் படிக்கட்டில் தடுக்கி, ஒருவர் காலை ஒருவர் மிதித்து, ‘பாத்து, பாத்து’ என்று முனகிக்கொண்டு ஏறினோம். பிலோமினா மட்டும் தடுக்கவில்லை. கையைச் சுவரில் லேசாக வைத்துக்கொண்டு, பகலில் ஏறுகிற மாதிரியே ஏறிப் போனாள். அவளுக்கு இது பழகின இருட்டு. பிறகு தீ அவளுடைய வரிசைக்கு வந்தது. பக்கத்து அம்மாள் எரிகிற திரியை நீட்டினார். பிலோமினா தன் திரியை ஒரு சாண் தள்ளி வேறெங்கோ நீட்டிக்கொண்டு சிரித்த முகமாக நின்றாள். அந்த அம்மாள் எட்டிப் பற்ற வைத்துவிட்டார். எரிகிற திரியை அவள் முன்னால் நின்றவரின் முந்தானைக்குப் பக்கத்தில் கொண்டுபோனபோது, பின்னாலிருந்து ஒரு கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. லூர்து டீச்சரின் கை. கண்ணைத் திறந்து அவளைக் கவனித்துக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் டீச்சர் பிடித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் ஈஸ்டர் பூசை முடிந்ததும் என்னிடம் வந்தார். பேரவைச் செயலாளர் என்ற முறையில் நான் கூட வர வேண்டும் என்றார். "தனியாப் போனா நான் சொல்றத அவுங்க நம்ப மாட்டாங்க. உங்களப் பாத்தா நம்புவாங்க, உங்களுக்கு யாரையும் கேள்வி கேட்டுப் பழக்கமில்ல" என்றார். அது பாராட்டு இல்லை என்று தெரிந்தே போனேன்.

விக்டோரியாவின் வீட்டில் பிரியாணி வாசனை. டீச்சர் உட்காரவில்லை. விரலைக் காட்டி எண்ணச் சொல்லவும் இல்லை. பிலோமினாவைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். விக்டோரியா அவளுக்கு நேர் எதிரே, இரண்டடி தள்ளி நின்றிருந்தார்.

"வெளிச்சம் தெரியுதா பிலோ?"

தெரியுது டீச்சர் என்றாள். எங்கே என்று கேட்டார். எல்லா இடத்திலும் தெரிகிறது, வெள்ளையாக, கண் கூசுகிற மாதிரி தெரிகிறது என்றாள்.

"சரி. அந்த வெளிச்சத்துல அம்மா தெரியறாங்களா?"

பிள்ளை டீச்சரின் குரல் வந்த பக்கமாகத் தலையைத் திருப்பி, "அம்மா தெரியல டீச்சர். வெளிச்சம் மட்டுந்தான் தெரியுது" என்றாள்.

விக்டோரியா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிலோமினா பொய் சொல்லவில்லை. புரை பழுத்த கண்ணில் எல்லாம் வெள்ளையாகத்தான் தெரியுமாம். அவள் தெரிந்ததைச் சொன்னாள், நாங்கள் எங்களுக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டோம். அப்ப இந்த வெளிச்சம் பொய்யா, சேசு வரலையா என்று விக்டோரியா கேட்டார். படத்தைப் பற்றி டீச்சர் ஏதாவது சொல்லிவிடுவார் என்று நான் பயந்தேன். அவர் விக்டோரியாவுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"பைபிள்ல சேசு முன்னாடி பொறவிக் குருடன் ஒருத்தன் வந்தான்ல விக்டோரியா? ஒளியே நேர்ல நின்னுச்சு. ஒரு பார்வையில சரி பண்ணியிருக்கலாம். பண்ணாரா? மண்ணக் கொழச்சுக் கண்ணுல பூசி, போ, போய்க் கொளத்துல கழுவுன்னாரு. அவன் நடந்து போனான், அப்பறந்தான் பார்வை வந்துச்சு. உனக்கும் போன்னுதான் சொல்றாரு. நீதான் ஒக்காந்துட்ட."

அந்த வாரமே புதுச்சேரிக்குப் போனார்கள். ஆபரேஷன் அறைக்கு வெளியே விக்டோரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு டீச்சர் இருந்தார். வலது கண் தேறியது. இடது கண்ணுக்குக் காலம் கடந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். வெள்ளிக்கிழமைக் கூட்டம் அதற்குப் பிறகும் நடந்தது. படத்தின் அற்புதத்தால்தான் ஒரு கண்ணாவது கிடைத்தது, டீச்சர் சந்தேகப்பட்டதால்தான் இன்னொரு கண் போனது என்று சொன்னவர்களும் நம் பங்கில் உண்டு. பெயர் சொல்லவில்லை, அவர்களே இதைப் படிப்பார்கள்.

தானே புயலில் விக்டோரியா வீட்டுக்குக் கிழக்கே இருந்த ஐஸ் கம்பெனியின் தகரக் கூரை பறந்துபோனது. ஊருக்குக் கரண்ட் வந்த பிறகும் படத்தில் வெளிச்சம் வரவில்லை என்று கேள்விப்பட்டேன். எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாயங்கால வெயில் அந்தத் தகரத்தில் பட்டு ஜன்னல் வழியாகப் படத்தின் கண்ணாடிக்கு வந்திருக்கிறது. சிதம்பரத்திலிருந்து டீச்சருக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னேன். அவருக்கு முதல் நாளே தெரியுமாம். அன்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தது அதைத்தான். பின்னே ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"தகரம் காட்டுனா இன்னா, சாமி காட்டுனா இன்னா சார்? வெயிலும் அவருதுதான. எனக்கு அதுல சந்தேகம் இல்ல. அந்தப் புள்ள இன்னா பாக்குறான்னுதான் சந்தேகம்."

அவருக்கு விசுவாசம் இருந்ததா என்ற என் சந்தேகம் அன்றைக்குத்தான் தீர்ந்தது. முழுக்கத் தீர்ந்தது என்று சொன்னால் டீச்சரே நம்ப மாட்டார்.

அடக்கத்துக்குப் பிலோமினா வந்திருந்தாள். இப்போது பிளஸ் டூ, தடித்த கண்ணாடி. பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, வலது கண்ணை டீச்சரின் முகத்துக்கு வெகு அருகில் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்னால் வரிசை நின்றது. விக்டோரியா தோளைத் தொட்டு இழுத்தார். "இரும்மா, பாத்துக்கறேன்" என்றாள். பூசை முடிவில், டீச்சரால் ஒளி பெற்ற பெண் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று சாமியார் மைக்கைக் கொடுத்தார். சாட்சி சொல்லிப் பழகின பிள்ளை, என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

"எனக்கு எடது கண்ணு தெரியாது. வலது கண்ணு தெரியும். அம்மா தெரியறாங்களான்னு டீச்சர்தான் கேட்டாங்க. அதுக்கு முன்னாடி ஒருத்தரும் கேக்கல."

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

டீச்சரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வியைத்தான். அவர் இருந்தவரை கேட்பதற்கு அவர் இருந்தார், நான் சும்மா இருந்தேன். இனிமேல் நான்தான் கேட்க வேண்டும்.