ஒழுகும் குழாயும் மூணு பட டைரக்டரும்

எங்கப்பா மூணு படம் எடுத்தார். மூணாவது படத்தின் முதல் காட்சிக்கு ஏழு பேர் வந்திருந்தார்கள். அதில் மூணு பேர் நாங்கள், ஒருத்தர் ஏசிக்காக வந்து தூங்கியவர். நான் இருட்டில் சீட்டு மாறி மாறி உட்கார்ந்து விசிலடித்தேன், கூட்டம் மாதிரி கேட்கட்டுமே என்று. அதற்கப்புறம் எந்தத் தயாரிப்பாளரும் அப்பாவின் போனை எடுக்கவில்லை.

நாற்பத்தாறு வயசில் ஒரு வீடியோ கேம் கம்பெனியில் சேர்ந்தார். அவர் வயசில் பாதிகூட இல்லாத பசங்க 'ஆக்‌ஷன் சார்' என்று பேர் வைத்தார்கள். சத்தியமாக நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவர் கேமில் ஒரு மகள், இறந்துபோன அம்மாவின் பூட்டிய வீட்டைத் திறக்கிறாள். அதற்குப் பன்னிரண்டு நிமிஷ ஆரம்பக் காட்சி வைத்தார்: மழை, ஜன்னல், அழுகை. வெளியாட்கள் ஆறு பேரை விளையாட விட்டார்கள். ஆறு பேரும் முதல் நிமிஷத்திலேயே 'ஸ்கிப்'பை அமுக்கினார்கள்.

"வெள்ளிக்கிழமை வேற ஆறு பேர் வர்றாங்க. அப்பவும் இதே கதைன்னா கேமை நிறுத்திடலாம் சார்," என்றார் மேனேஜரம்மா.

அந்த ஆறு பேர் விளையாடியதன் வீடியோ பதிவை அப்பா வீட்டில் போட்டுப் பார்த்தார். ஒரு பெண் காட்சியைத் தாண்டிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். அங்கே ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, சும்மா சத்தத்துக்காக அப்பா வைத்தது. அவள் அதை மூடப் பார்த்தாள். முடியவில்லை. சுற்றிவிட்டு மறுபடி அதே குழாய்க்கே வந்தாள்.

"லூசாப்பா இவ?"

"அவ இல்லடி. நான்."

"யாரோ ஒருத்திக்காவது குழாயை மூடணும்னு தோணுதே," என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "இந்த வீட்டுல இருபது வருஷமா ஒரு மனுஷனுக்குத் தோணல."

அப்பா பன்னிரண்டு நிமிஷத்தையும் தூக்கிக் கடாசினார். கிண்டல் பண்ண வாயெடுத்த நான், அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். இப்போது கேமில் குழாயை மூடலாம், போர்வையை மடிக்கலாம். ஜன்னலைத் தொட்டால் செத்துப்போன அம்மாவின் குரல் வரும்: "சாத்துடி, சாரல் அடிக்குது."

வெள்ளிக்கிழமை நேரம் முடிந்தும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. மலை மாதிரி ஒரு ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருங்க சார், போர்வையை மடிச்சிட்டு வந்துடறேன்," என்றாராம். "கேம் ரிலீஸ் ஆகுது, டைரக்டர் சார்!" என்று மேனேஜரம்மா கை கொடுத்தாராம்.

இதெல்லாம் அப்பா பிற்பாடு நடித்துக் காட்டியது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகச் சமையலறைக்குப் போய், எங்கள் வீட்டுக் குழாயை இறுக்கி மூடினார்.

அம்மா என்னைப் பார்த்தாள்.

"படம் ஹிட்டுடி," என்றாள்.

நான் விசிலடித்தேன். இந்தத் தடவை ஒரே இடத்தில் உட்கார்ந்து.