சின்னவளும் அக்காவின் சீட்டும்

என் அத்தானுக்கு இரண்டு பெண்டாட்டி. ஒருத்தி என் அக்கா. இன்னொருத்தி ஷெட்டில் நிற்கிற குட்டி ஜீப். இதை நான் கட்டிவிடவில்லை. அவரேதான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். "பெரியவ சமையல்கட்டுல, சின்னவ ஷெட்ல. நீங்க யாரைப் பாக்க வந்தீங்க?" அக்காவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அத்தானுக்கு லாரி எடைமேடையில் வேலை. லாரி வந்து ஏறும், எடை பார்த்து ரசீது கிழித்துக் கொடுப்பார், இறங்கிப் போய்விடும். நாள் முழுக்க ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து ஊரான் வண்டி போவதைப் பார்க்கிற பிழைப்பு. அதனாலோ என்னவோ, கல்யாணமான புதிதிலேயே அந்தப் பழைய ஜீப்பை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். அன்றிலிருந்து லீவு என்றால் மலைதான். தார் ரோடு முடிந்து கல்லும் சேறுமாக ஏறுகிற இடத்தில்தான் அவர் முகத்தில் களையே வரும்.

பொய் சொல்லக் கூடாது, அக்காவுக்கும் மலை பிடிக்கும். உச்சியில் ஸ்டவ்வைப் பற்றவைத்து டீ போட்டுக் குடிக்கிற சுகத்தைப் பற்றி என்னிடம் வாய் ஓயாமல் பேசுவாள். அவள் பட்ட பாட்டைப் பற்றித்தான் பேசமாட்டாள். கூரை ஒழுகும், துண்டை வைத்துப் பிடித்துக்கொண்டு வருவாள். ஹேண்ட் பிரேக் நிற்காது. சரிவில் வண்டி நின்றதும் குதித்து இறங்கி டயருக்குக் கல் வைப்பது அவள் வேலை. முழங்கால் வலி வந்த பிறகும் அவள்தான் குதித்தாள். "பிரேக்கைச் சரி பண்ணக் கூடாதா அத்தான்?" என்று ஒரு தரம் கேட்டேன். "அதுக்குத்தான் உங்க அக்கா இருக்காளே" என்றார். நாக்கில் நரம்பில்லாத மனுஷன்.

ஒரு நாள் அவருடைய தம்பி கேட்காமல் கொள்ளாமல் ஜீப்பை எடுத்துப்போய்க் கதவில் கீறல் போட்டுவிட்டார். வீடே இரண்டாயிற்று. மறுவாரம் அத்தான் மெக்கானிக்கிடம் போய் ரகசியமாக ஒரு சுவிட்ச் வைத்துக்கொண்டு வந்தார். அதைத் தட்டாமல் சாவியைத் திருகினால் எஞ்சின் பிடிக்காது. அது எங்கே இருக்கிறது என்று ஒரு ஈ காக்காய்க்கும் சொல்லவில்லை. அக்கா கண்ணில்கூடப் படாமல், அவள் ஏறுமுன்னே தட்டிவிடுவார், இறங்கின பிறகுதான் அணைப்பார். டீக்கடையில் நின்று சாவியைத் தூக்கிப்போட்டு, "முடிஞ்சா ஸ்டார்ட் பண்ணுங்கடா பாப்போம்" என்பார். நாலு பேர் முயன்று தோற்பார்கள். இவருக்கு ஜென்மம் சாபல்யம் ஆகிவிடும்.

அக்கா டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்க் கற்று லைசென்ஸும் வாங்கினாள். அவர் எடைமேடைக்குப் போயிருந்த நேரத்தில்தான் எல்லாம். கொண்டுபோய்க் காட்டினாள். அவர் அந்தப் போட்டோவைப் பார்த்து, "நல்லா வந்திருக்கே" என்றார். அவ்வளவுதான்.

"அந்த சுவிட்ச் எங்க இருக்குன்னு எனக்கு மட்டுமாவது சொல்லுங்களேன். அவசரம் ஆத்திரம்னா?"

"என்ன அவசரம்? நான் இருக்கேன்ல? நீ உன் சீட்ல உக்காந்து வேடிக்கை பாத்துட்டு வா, போதும்."

நான் அப்போது அங்கேதான் இருந்தேன். வாயைத் திறக்கப் போனவளை அக்கா கண்ணாலேயே அடக்கினாள்.

போன மழைக்காலம் முடிந்ததும் இரண்டு பேரும் மலைக்குப் போனார்கள். வழக்கமான இடம், பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். அக்கா டயருக்குக் கல் வைத்தாள். அத்தான் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, பேசிக்கொண்டே நின்றவர், திடீரென்று வலது பக்கமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டார். வாய் கோணியது. பேச்சு வரவில்லை. போனில் சிக்னல் இல்லை. அக்கா அவரை இழுத்து, முட்டுக்கொடுத்து, பின்கதவு வழியாக எப்படியோ உள்ளே ஏற்றிப் படுக்கவைத்தாள். அந்த உடம்பை எப்படித் தூக்கினேன் என்று அவளுக்கே இன்றைக்கும் தெரியவில்லை.

ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து சாவியைத் திருகினாள். எஞ்சின் இருமியது, பிடிக்கவில்லை. டாஷ்போர்டுக்கு அடியில் தடவினாள். மிதியடியைத் தூக்கிப் பார்த்தாள். "எங்கங்க இருக்கு? கையையாவது காட்டுங்களேன்!" என்று கத்தினாள்.

அவர் இடது கையைத் தூக்கிக் காட்டினார். அக்காவின் சீட்டைக் காட்டினார். கண் பிதுங்க, "அ... அ..." என்றபடி திரும்பத் திரும்ப அதையே காட்டினார்.

அக்காவுக்கு என்ன புரியும்? கட்டிக்கொண்ட நாள் முதல் கேட்ட வார்த்தைதானே? ஸ்டியரிங்கை விட்டுவிட்டு உன் சீட்டுக்குப் போ என்கிறார் என்று நினைத்தாள். மறுபடியும் சாவியைத் தொட்டாள். அவர் இன்னும் பலமாக அதையே காட்டினார். கோபப்படுகிறார், படபடப்பில் இன்னும் மோசமாகிவிடும் என்று பயந்துபோய், இறங்கிச் சுற்றி வந்து தன் சீட்டில் உட்கார்ந்தாள். கையைப் பின்னால் நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அந்தக் கையை உதறினாராம். அதையும் கோபம் என்றுதான் எடுத்துக்கொண்டாள்.

விறகு லாரி ஒன்று அந்தப் பக்கம் வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. அதில்தான் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். "நேரத்தோட கொண்டு வந்திருந்தா பேச்சாவது மிஞ்சியிருக்கும்" என்றார் டாக்டர். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வாய்விட்டு அழுதது நான்தான்.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு மெக்கானிக்கை அனுப்பி மலையிலிருந்து ஜீப்பை இறக்கினோம். ஷெட்டுக்குள் வந்ததும் அக்கா மெக்கானிக்கிடம் கேட்டாள். "அந்த சுவிட்ச் எங்கதான் இருக்கு?"

மெக்கானிக் குனிந்து அக்காவின் சீட்டுக்கு அடியில், முன் ஓரத்தில், கையை விட்டார். டக்கென்று சத்தம் கேட்டது. "இங்கதாம்மா. அன்னைக்கே அவர்கிட்ட சொன்னேன், வீட்ல சொல்லி வைங்கன்னு. இத்தனை வருஷம் இது மேலதான் உக்காந்திருந்தீங்க."

அக்கா சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். பாவி மனுஷா, அவள் காலடியிலேயே வைத்துவிட்டு அவளிடமே மறைத்தாயே!

"பிடுங்கிடுங்க" என்றாள் அக்கா. "பிரேக்கையும் பாத்துடுங்க."

இப்போது ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிக்கு அவரை ஜீப்பில்தான் கூட்டிப்போகிறாள். முதல் நாள் துணைக்கு நானும் போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். அத்தானை அக்காவின் சீட்டில் ஏற்றி பெல்ட் போட்டுவிட்டாள். சுற்றி வந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் ஏறிச் சாவியைப் போட்டாள். அத்தானின் இடது கை மெல்ல இறங்கியது. சீட்டுக்கு அடியில் தடவியது. எட்டவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, உடம்பை வளைத்து மறுபடியும் தடவினார்.

"தேடாதீங்க" என்றாள் அக்கா. "பிடுங்கிப் போட்டாச்சு."

சாவியைத் திருகினாள். ஒரே திருகலில் எஞ்சின் பிடித்தது. அத்தான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ரோட்டைப் பார்த்து ஓட்டினாள். ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை அவர் சீட்டுக்கு அடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை.